கடைசி பெஞ்சில் நோட்ஸ் சார்

மூன்றாம் மாடியில் இருந்த ஆங்கிலத் துறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாணவர்களுக்கு அவர் நோட்ஸ் சார். வகுப்புக்குள் நுழைவார், வருகைப் பதிவை முடிப்பார், நாற்காலியில் உட்காருவார். மணி அடிக்கும்வரை அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுத வேண்டும். குண்டூசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதி தன்மேல் உள்ள மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். அதில் பாதி தூக்கம் என்பது கல்லூரியில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வகுப்பில் பரீட்சையில் தோற்பவர்கள் குறைவு. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

அப்பேர்ப்பட்டவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருடம் அங்கே ஆங்கிலம் கற்றுத்தர வேண்டும். குடியிருக்க வீடு அவர்களே தருவார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மனிதர் அன்றைக்கே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கும்வரைதானே எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்! எதிர் மேசை வரலாற்றுப் பேராசிரியர் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன் சார். குளிர் ஜாஸ்தின்னு சொல்றாங்க. அவங்களானா விடமாட்டேங்கிறாங்க."

"என்னை மட்டும் கூப்பிட்டிருந்தா, இந்நேரம் பொட்டியக் கட்டி வாசல்ல வச்சிருப்பேன்," என்று சொல்லி வரலாறு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு நோட்ஸ் சாருக்கு மாலை டீயைவிட ருசித்தது. அடுத்தவர் வயிற்றெரிச்சலில் குளிர்காய்வதும் ஒரு சுகம்தான். அதைத் தினமும் தவறாமல் அனுபவித்தார்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட விடுப்பில் போகிறவர் தன் இடத்துக்கு ஆளைத் தானே கொண்டுவர வேண்டும். வந்தவர் ஒரு வாரம் பாடம் நடத்துவார். போகிறவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். சரிப்பட்டு வந்தால்தான் விடுப்பு.

நோட்ஸ் சார் தன் மனைவியைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் எம்.ஏ. படித்தவர்கள். அவள்தான் முதலிடம். அவர் எத்தனையாவது என்பதை அவரிடம் கேட்காமல் இருப்பது நல்லது. கல்யாணமான புதிதில் அவளும் வேறொரு கல்லூரியில் வேலை பார்த்தாள். மகள் பிறந்ததும், யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த யாராவது ஒருத்தர் யார் என்று மட்டும் பேச்சே வரவில்லை. இப்போது மகள் அம்மா உயரத்துக்கு வளர்ந்து, தானே பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய்வருகிறாள்.

"வெளியாளப் போட்டா, நான் திரும்பி வரும்போது எழுந்திருக்க மாட்டான்," என்று மனைவிக்கு விளக்கினார். "நீன்னா அந்தப் பிரச்சினை இல்ல. நான் வந்ததும் எழுந்துப்ப."

"பஸ்ல சீட்டுப் பிடிக்கத் துண்டு போடுவாங்களே, அந்தத் துண்டு நான். அதானே?" என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலமே அலமாரியின் அடியிலிருந்த நல்ல துணிகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முன்னால் இருந்த தலைகள் மறைத்ததில் கரும்பலகையின் கீழ்ப்பாதி தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அது அவருக்குத் தெரியாத விஷயம். மனைவி வந்தாள். முதல் வேலையாக அவருடைய நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள்.

"நோட்டெல்லாம் மூடி வைங்க. நேத்து உங்க வீட்ல நடந்த ஒரு சண்டையப் பத்திச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல. தப்பா இருந்தாப் பரவாயில்ல, பொய்யா மட்டும் இருக்கக் கூடாது."

பிள்ளைகள் திரும்பி நோட்ஸ் சாரைப் பார்த்தார்கள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பாவம், அனுபவம் போதாது, நடத்தட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் நாலைந்து பேர் வாயைத் திறந்தார்கள். அடுத்த நாள் பாதி வகுப்பு. புதன்கிழமை ஜன்னலோரத்து உம்மணாமூஞ்சி எழுந்து நின்றாள். அது சக மாணவிகள் வைத்த பெயர். இரண்டு வருடமாக நோட்ஸ் சார் வகுப்பில் இருக்கிறாள். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். டிவி ரிமோட்டுக்காக அப்பாவும் சித்தப்பாவும் மல்லுக்கு நின்ற கதை. கடைசியில் அவளுடைய அம்மா அதைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, எதுவும் தெரியாதவள்போலப் படுக்கப் போய்விட்டாளாம். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி விழுந்து எழுந்துதான் வந்தது. ஆனால் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரலா என்று நோட்ஸ் சாருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியத்தின் பின்னாலேயே வந்தது பொறாமை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வரலாற்றுப் பேராசிரியர் மேல் வந்திருந்தாலும் நாலு பேரிடம் சொல்லலாம். கட்டின மனைவி மேல் வந்ததை எங்கே போய்ச் சொல்வது? அதுவும் தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்த ஆள்! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

வியாழக்கிழமை பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளைச் சுற்றிக் கூட்டம். அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற நோட்ஸ் சாரிடம் ஒரு மாணவி, "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள். தள்ளிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தார். "போர்டுல எழுத்து கோணலாப் போகுது. நீங்கல்லாம் போடற சத்தம் கீழ் மாடி வரைக்கும் கேக்குது. இப்படியே சிரிச்சிட்டிருந்தா சிலபஸ யாரு முடிக்கறது?"

"சரிங்க, நாளைக்குப் பாத்துக்கறேன்," என்றாள். காய் நறுக்கியபடி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கல்லூரி முதல்வரின் அறைக்குப் போனார்.

"நான் போகல சார். குடும்பத்த விட்டுட்டுப் போக மனசு வரல."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்ப மேடம் வேலை இன்னியோட முடிஞ்சுது."

"ஆமா சார்."

அந்த ஆமாவில் இருந்த வேகம் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வராந்தாவில் எதிர்ப்பட்ட வரலாற்றுப் பேராசிரியர் முடிவைக் கேட்டதற்கு, காதில் விழாததுபோல நடந்துவிட்டார்.

சாயங்காலம் சமையலறை வாசலில் நின்றபடி மனைவியிடம் சொன்னார். "நான் போகப் போறதில்ல. முதல்வர்கிட்ட சொல்லிட்டேன். உன்னையும் பாப்பாவையும் தனியா விட்டுட்டு எப்படி..."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"எங்களுக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க."

"வேற எதுக்காம்?"

"வாரம் முழுக்க உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தானே பாடம் நடத்தினேன். இஞ்சி தின்ன குரங்கு மாதிரி உக்காந்திருந்தீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இனி முடியாது என்று தெரிந்துபோனது. "பொறாமைதான்," என்றார். "அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா என் கிளாஸ்ல வாயே தொறக்கல. நீ வந்து மூணாம் நாளே பேசுறா. என்னால தாங்க முடியல."

உண்மையைச் சொல்லிவிட்டதால் தனக்கு மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். ஆண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

"எனக்கும் இருந்துச்சு," என்றாள் அவள்.

"என்னது?"

"பொறாமை. பாப்பா பொறந்ததுலேர்ந்து. நீங்க தினமும் டிபன் பாக்ஸ எடுத்துட்டுக் கிளம்புவீங்க. நான் கதவச் சாத்திட்டு அங்கயே நிப்பேன். இந்த மனுஷனுக்குச் சொல்லித்தரவே தெரியாது, இவர் போறார், நான் நிக்கிறேன்னு வயிறு எரியும். அப்புறம் போய்ப் பாத்திரம் கழுவுவேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா ஒரு நாளாவது உங்களப் போகாதீங்கன்னு சொல்லியிருக்கேனா?"

உள் அறையில் படித்துக்கொண்டிருந்த மகளின் சத்தம் நின்றிருந்தது.

நோட்ஸ் சார் போனை எடுத்து முதல்வரை அழைத்தார். எடுக்காமல் இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டார். அவர் உடனே எடுத்தார்.

"சார், நான் போறேன். என் இடத்துக்கு அவங்களே வரட்டும்."

"அப்பாடா!" என்றார் முதல்வர். "நீங்க வந்துட்டுப் போனதும் விஷயம் எப்படியோ தெரிஞ்சு, உங்க கிளாஸ் பசங்க என் ரூம் வாசல்ல வந்து நின்னுட்டாங்க சார். மேடமே வரணுமாம். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் போன் பண்ணல."

"என்னை யாராவது கேட்டாங்களா சார்?" அடக்குவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஹலோ? லைன் சரியாக் கேக்கல," என்று சொல்லி முதல்வர் வைத்துவிட்டார். நல்ல மனிதர்.

"என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள்.

சரின்னு சொன்னாரு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். மிச்சத்தை மென்று விழுங்கினால் யாருக்குத் தெரியப் போகிறது? நோட்ஸ் சார் மென்றுகூடப் பார்த்தார். வயிறு பற்றி எரிந்தது. கதவின் இந்தப் பக்கம் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பசங்க உன்னத்தான் வேணும்னு கேட்டாங்களாம்."

"யாரெல்லாம்?"

"எல்லாரும்," என்றார்.