நாற்பத்தைந்து அடிக் கிணற்றில் விழுந்த கல்

எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்துவிட்டு ஒன்பது வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு சிமெண்ட் கடையில் மூட்டை எண்ணியவன் நான். கடைக்காரர் என்னை 'சயின்டிஸ்ட்' என்றுதான் கூப்பிடுவார். டீ வாங்கிவரச் சொல்வதற்கும் அதே பெயர்தான். எலவனாசூர்கோட்டையில் மாமனார் வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு எழுந்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

போன ஜூனில் சின்னசேலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் வேலை காலி என்றார்கள். மனைவி ராதிகா தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். "உங்களுக்கு வயசு முப்பத்தாறு ஆவுது. இதுவும் போச்சுன்னா இனிமே சர்டிபிகேட்ட எடுத்துக்கினு எங்கியும் போவாதீங்க. சிமெண்ட் மூட்டையே போதும்."

நேர்காணலுக்கு வந்தது இரண்டே பேர். நானும், கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்த ஜெயசுதாவும். தாளாளர் சிவசங்கர் தன் நெல் வயலை மூடிப் பள்ளி கட்டியவர். பழைய கிணறு மட்டும் கம்பிவலை போட்டு அப்படியே இருந்தது. அதைக் காட்டிக் கேட்டார்: "மேலேர்ந்து தண்ணி மட்டம் நாப்பத்தஞ்சு அடி. ஒரு கல்லு விழுந்தா தண்ணியத் தொடும்போது வேகம் இன்னா? எழுதிக் குடுங்க."

எனக்கு இது அல்வா. தொடக்க வேகம் சுழி. முடுக்கம் பத்து. வேகத்தின் வர்க்கத்துக்கு இரண்டையும் பத்தையும் நாற்பத்தைந்தையும் பெருக்கினால் தொள்ளாயிரம். வர்க்கமூலம் முப்பது. வினாடிக்கு முப்பது மீட்டர் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பாடப்புத்தகத்தில் வளர்ந்தவனுக்கு விடை முழு எண்ணாக வந்தால் சாமியைப் பார்த்த மாதிரி. ஜெயசுதா இன்னும் எழுதிக்கொண்டே இருந்தார். பாவம், சூத்திரம் மறந்துவிட்டது போல என்று இரக்கப்பட்டேன்.

தாளாளர் இரண்டு தாளையும் பார்த்தார். "நான் போட்டதும் முப்பதுதான். இந்தம்மாவுக்குப் பதினாறரைன்னு வந்துருக்குது."

"சார், அது வந்து..." என்று ஜெயசுதா ஆரம்பித்தார்.

"பரவால்லம்மா, அடுத்த தடவ பாக்கலாம்" என்று தாளாளர் எழுந்துவிட்டார்.

பத்தே நிமிஷத்தில் நான் வாத்தியார். ராதிகாவுக்குப் போன் போட்டேன். அழுதாள்.

வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஜெயசுதா நின்றிருந்தார். பெரிய மனசு பண்ணி ஆறுதல் சொல்லப் போனேன். "கணக்குல எங்கங்க விட்டீங்க?"

"அடிய மீட்டரா மாத்துனேங்க. பதிமூணே முக்காதான் வருது. நீங்க மாத்தலீங்களா?"

நான் மாற்றவே இல்லை. என் முப்பது என்பது மணிக்கு நூற்றெட்டு கிலோமீட்டர். சேலம் பஸ்கூட அப்படிப் போகாது. எங்கள் பக்கம் கிணறும் போர்வெல்லும் வீட்டுமனையும் அடிதான். ஒன்பது வருஷம் கடையில் அடிக்கணக்கே பேசிப் பேசி மீட்டர் மண்டையை விட்டே போயிருந்தது. தாளாளருக்கும் அதே கதைதான். தூ, நானும் என் முதுகலையும்.

"உங்க விடைதாங்க சரி" என்றேன்.

"அப்ப சார்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்றீங்களா? நீங்க சொன்னா கேப்பாரு."

கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். ஜெயசுதா போகவேண்டியதும் அதே பஸ்தான். ஏறவில்லை.

இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு நான்தான் இயற்பியல் எடுக்கிறேன். அடியை மீட்டராக மாற்றாமல் கணக்குப் போட்டால் சுழிதான் போடுவேன். ரொம்பக் கறாரான வாத்தியார் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.