காலண்டரில் இல்லாத தேதி

கணக்கையும் அறிவியலையும் கதையாகச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்தப் பயிற்சியில் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. காலையிலிருந்து மாலை வரை திரையில் வரிகளை ஓடவிட்டு, அதையே எங்களுக்கு எழுத்துத் தெரியாததுபோல வாசித்துக் காட்டினார். கடைசி வரிசையில் நான் அடித்த நக்கலில் பக்கத்து ஊர் ஆசிரியர்கள் டீயைச் சட்டையில் சிந்தினார்கள். "கதை சொல்லத் தெரியாதவன்தான்யா கதை சொல்றது எப்படின்னு கிளாஸ் எடுப்பான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த வாரமே வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா எங்கள் தலைமையாசிரியைக்குப் போன் செய்துவிட்டார். நான் மாதிரி வகுப்பு ஒன்று எடுக்க வேண்டும். சுற்றுவட்டார ஆசிரியர்கள் வந்து பார்ப்பார்கள். சொதப்பினால் காலாண்டு விடுமுறை முழுக்க எனக்கு மட்டும் மறுபயிற்சி.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா சார்?" என்றார் தலைமையாசிரியை.

விடுமுறைக்குக் குற்றாலம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்றுகூட விசாரிக்காமல் என் மனைவி பையில் துண்டு, எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. தினமும் அந்தப் பையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

கதை சொல்வதில் என் பழைய சாதனையும் தைரியம் தருவதாக இல்லை. போன வருடம் அறிவியல் வகுப்பில் தெர்மகோலில் ஒரு நீர்த்துளியாரைச் செய்து, கண், மூக்கு, மீசை எல்லாம் வைத்து, ஆனைக்குட்டம் அணையிலிருந்து வானத்துக்குப் பயணம் அனுப்பினேன். "டேம்ல தண்ணியே இல்லையே சார், துளியாரு எங்கன இருந்து கெளம்புவாரு?" என்று ஒருத்தி கேட்டாள். துளியார் அன்றோடு பீரோவுக்கு மேலே ஏறினார். இன்னும் ஆவியாகவில்லை.

மற்ற ஊர் ஆசிரியர்கள் உபகரணம் என்றால் கடைக்கு ஓடுவார்கள். சிவகாசிப் பக்கத்தில் வாத்தியார் வேலைக்கு வருகிறவனுக்குப் பட்டம் இருக்கிறதோ இல்லையோ, பிரஸ்ஸில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கும் அட்டை எல்லாமே அச்சில் கெட்டுப்போன வேஸ்ட் தாளின் பின்பக்கம்தான். ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் திருப்பினால், ஒரு கலர் மை விழாமல் பச்சை முகத்தோடு முருகன் சிரிப்பார். அந்த வழக்கப்படி, பைண்டிங்கில் இருக்கும் என் மச்சானிடம் போனேன்.

"நம்பர் அட்டை வேணும் மச்சான்."

"தினசரி காலண்டர் தாளு மூடை மூடையாக் கெடக்கு. எம்புட்டு வேணுமோ அள்ளிக்கோங்க."

அள்ளினேன். பெரிய பெரிய எண்கள், ஞாயிற்றுக்கிழமைக்குச் சிவப்பு. உலகத்திலேயே இதைவிடச் சிறந்த கணித உபகரணம் இருக்க முடியாது என்று வண்டியில் மூட்டையைக் கட்டும்போதே நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அந்த நாள் வந்தது. அலுவலர் முன்னால் நாற்காலியில். பின்னால், போன மாதம் என் நக்கலுக்குச் சிரித்த அதே கூட்டம், இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக. எனக்கு உள்ளங்கை வேர்த்து, முதல் தேதி கையிலேயே ஒட்டிக்கொண்டது. உதறி எடுத்துக் கதையை ஆரம்பித்தேன். எண்களின் ராஜா சபை கூட்டுகிறார். ஒன்று வருகிறார், இரண்டு வருகிறார். ஒவ்வொருவர் வரும்போதும் ஒரு தாளைப் பலகையில் ஒட்டினேன். ஒன்பது வரை சபை களை கட்டியது.

"அப்போது, யாருமே மதிக்காத ஒருவர் உள்ளே நுழைந்தார். அவர்தான் பூஜ்ஜியம்!" என்று மூட்டைக்குள் கையை விட்டேன்.

துழாவினேன். இன்னும் ஆழமாகத் துழாவினேன். பூஜ்ஜியாம் தேதி என்று ஒன்று எந்த மாதத்திலும் கிடையாது என்பது, இத்தனை வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பூஜ்ஜியம் லீவா சார்?" என்றான் ஒருவன்.

"வந்துக்கிட்டு இருக்காருப்பா."

"வேன விட்டுட்டாரு போல."

பின்வரிசை குலுங்கியது. என் இன்னொரு கையில் சாக்பீஸ் இருந்தது. பலகையில் ஒரு வட்டம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பீதி பிடித்தவனுக்குச் சாக்பீஸ் எதற்கென்று தெரியாது. நான் அதைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூட்டை சரிந்து தாளெல்லாம் கீழே சிதறியது. பின்னால் இருந்த ஆசிரியர்கள் உதவுவதுபோலப் பொறுக்கி, ராசிபலன் வாசிக்க ஆரம்பித்தார்கள். "சாருக்கு என்ன ராசி? கும்பத்துக்கு 'அலைச்சல்'னு போட்டிருக்கு" என்றது ஒரு குரல்.

முன்வரிசைப் பையன் ஒருவன்தான் எழுந்தான். "சார், பத்தாந்தேதியக் கிழிங்க. சைபரு கெடைக்கும்."

கிழித்தேன். ஒரு பாதியில் ஒன்று, ஒரு பாதியில் சைபர். சைபரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன், நானே கண்டுபிடித்ததைப்போல. அந்தப் பெருமை கை இறங்கும் வரைகூட நிற்கவில்லை. அதே பையன் கேட்டான்: "பத்தக் கிழிச்சா ஒண்ணும் சைபரும்தான இருக்கு. மிச்சம் ஒம்பது எங்க சார் போச்சு?"

அலுவலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் கண்ணுக்குள் குற்றாலப் பை வந்துபோனது. "அதை... ராஜா எடுத்துக்கிட்டார்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

"ராஜாவுமில்ல கூஜாவுமில்ல" என்று அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "ஏலே, எங்கம்மா போற கம்பெனி வேன்ல டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு யாருக்கு?"

"வேல வாங்குற போர்மேனுக்கு."

"அங்கன உக்காந்தா ஒரு ஆளு பத்து ஆளுக்குச் சமம். அதே ஆளு பின்னால வந்து உக்காந்தா?"

"ஒத்த ஆளுதான்."

"அம்புட்டுத்தாம்லே. சைபரு பின் சீட்டப் புடிச்சு வச்சிருந்துச்சு, ஒண்ணு முன் சீட்டுல இருந்துச்சு. சாரு சைபரக் கிழிச்சு எறக்கி விட்டுட்டாக. ஒண்ணு பின் சீட்டுக்கு வந்துருச்சு. ஒம்பது எங்கயும் போகல. அது சீட்டுக்கு உள்ள மரியாதலே, ஆளுக்கு உள்ளது இல்ல."

வகுப்பே 'ஓ' என்றது. இட மதிப்பு என்று நான் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான். நான் கிழிந்த இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டு, எல்லாம் என் திட்டப்படியே நடப்பதுபோலத் தலையாட்டினேன்.

அலுவலர் எழுந்து வந்தார். "பிரமாதம் சார். வேணும்னே கிழிச்சு, வேணும்னே தப்பாச் சொல்லி, பிள்ளைகளை யோசிக்க வச்சீங்க பாருங்க!"

"ஆமா மேடம்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. வேன், போர்மேன் எல்லாம் வேண்டாம். சிம்மாசனம், மந்திரின்னு மாத்திடுங்க. கதைன்னா ராஜா இருந்தாத்தான் எல்லா ஊருக்கும் பொருந்தும். இதை நீங்களே மத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சியாக் குடுத்துடுங்க. காலாண்டு லீவுல வச்சுக்கலாம்."

வீட்டில் என் மனைவி குற்றாலப் பையைப் பிரித்து, எண்ணெயைச் சமையலறையிலும் துண்டைக் கொடியிலும் திரும்ப வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

விடுமுறையில் அதே பயிற்சி மண்டபம், அதே திரை. சிம்மாசனத்தில் ஒன்று, பக்கத்தில் பூஜ்ஜிய மந்திரி என்று வரிவரியாக ஓடவிட்டேன். சொந்தமாக ஒரு வார்த்தையும் வராமல், திரையில் இருந்ததையே வாசித்தேன். கடைசி வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் காதில் என்னவோ சொன்னார். டீ சிந்தியது. அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த நக்கலை முதலில் அடித்தவனுக்குத் தெரியாதா?