ஓர்க்கிட்டைக் கட்டிய பருத்தி நூல்

ஓர்க்கிட் தோட்டக்காரனைத் தேடி யாரும் நல்ல செடியோடு வருவதில்லை. பூத்திருக்கும்வரை அது அவர்கள் வீட்டு விருந்தாளி. இலை சுருங்கிய பிறகுதான் எங்கள் வீட்டு நோயாளி. உங்கள் யன்னலோரத்திலும் அப்படி ஒன்று சுருங்கிக்கொண்டிருந்தால், தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று தெரியாமல் நீங்களும் காலையும் மாலையும் அதையே பார்த்துக்கொண்டு நின்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே வாங்குப் பலகையில் காத்திருப்பவர்கள்.

ஆரையம்பதியில், வாவிக்கரைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய தோட்டம். கூட வேலை செய்பவர் பத்மா. செடிகளோடுதான் அதிகம் பேசுவார். மனிதரோடு பேசுவது குறைவு, பேசினால் மறக்காது. எங்கள் கைக்கு வந்த செடிகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சொப்பிங் பையில் வந்த நோயாளி

ஒரு பங்குனி மாதக் காலையில் காத்தான்குடியிலிருந்து றிஸ்வான் வந்தார். கையில் சொப்பிங் பை. பைக்குள் சட்டி. சட்டிக்குள் இரண்டே இலையோடு ஓர் ஓர்க்கிட். வண்ணத்துப்பூச்சி மாதிரி அகன்ற வெள்ளைப் பூப் பூக்கும் இனம். கட்டாரில் ஒன்பது வருடம் ஏசி திருத்திய மனிதர், ஊர் திரும்பும்போது கொழும்பில் இறங்கி மனைவி சபீனாவுக்கு வாங்கி வந்தது. வரும்போது பன்னிரண்டு பூ இருந்ததாம்.

சட்டியைக் கவிழ்த்தேன். வயல் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கட்டியாக விழுந்தன. பாசத்தில் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. வேர்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல வேர் இறுகி நிற்கும். அழுகிய வேரில் தோல் கழன்று நடு நரம்பு மட்டும் கையில் வரும். பதினான்கில் மூன்றுதான் இறுகி நின்றன. பத்மா எட்டிப் பார்த்தார். “மரத்தில குந்துற சாதி தம்பி இது. நீங்க உசிரோட புதைச்சிருக்கிறீங்க.”

பிழைக்குமா என்று றிஸ்வான் கேட்டார். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றேன். அவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். இனி ஊரோடுதான் என்று சொல்லி இதற்கு முன்பும் இரண்டு தடவை கட்டாரிலிருந்து வந்தவர். இரண்டு தடவையும் திரும்பிப் போனவர். இந்தத் தடவையும் பழைய கம்பனி ஜனவரிவரை அவருடைய இடத்தை விட்டுவைத்திருக்கிறது. அது சபீனாவுக்கும் தெரியும்.

“அவ ஒரு சொல்லுத்தான் சொன்னா அண்ணன். ‘கொழும்புல இரிந்து வந்தது இஞ்சத்தக் காத்துல உசிரோட இரிந்தா, நீங்களும் இரிப்பீங்கெண்டு நம்புறன்’ எண்டு.”

கறுவாத் தூள்

அழுகிய வேரை வெட்டும் முன் கத்திரிக்கோலை நெருப்பில் காட்ட வேண்டும். வெட்டிய வாயில் கறுவாப் பட்டைத் தூள் தடவ வேண்டும், பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் உயிருள்ள வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும். பத்மா பஞ்சுக் குச்சியின் நுனியில் தூளைத் தொட்டு, ஒரு வெட்டும் தவறாமல், உயிருள்ள வேர் ஒன்றிலும் படாமல் வைத்துக்கொண்டு போனார். அந்தக் கையை எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

றிஸ்வான் அருகில் குந்தியிருந்து மோந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அக்கா, மருந்து கட்டுறீங்களா, புரியாணிக்கு ஆயத்தம் பண்ணுறீங்களா?”

மட்டையை நாக்கில் வைத்தவர்

மூன்று வேரோடு செடியைச் சிரட்டைக் கரியிலும் தேங்காய்ப் பொச்சுமட்டைத் துண்டுகளிலும் உட்கார வைத்தேன். நிழல், காற்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். எல்லாம் முறைப்படி. ஆனாலும் வைகாசியில் இலை நுனி கருகியது. மூன்று வேரில் ஒன்று போனது. நானும் பத்மாவும் நிழலைக் கூட்டினோம், இடத்தை மாற்றினோம். கருகல் நிற்கவில்லை.

அப்போதுதான் சபீனா முதல் தடவையாக வந்தார். வீட்டிலேயே தறி வைத்துச் சாரன் நெய்பவர். செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டியிலிருந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். “உப்பு” என்றார்.

நானும் ஒரு துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். உப்புத்தான். எங்கள் பக்கத்தில் கயிற்றுக்காகப் பொச்சுமட்டையை உப்புத் தண்ணீர் வாவியில் ஊறப்போடுவார்கள். அந்த மட்டையைத்தான் நான் வாங்குவேன். மழைத்தண்ணீரில் ஒரு கிழமை போட்டு, நாளுக்கொரு தடவை தண்ணீர் மாற்றிய பிறகே செடிக்கு வைப்பேன். அந்தத் தடவை தாங்கியில் மழைத்தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் அலசினால் போதும் என்று நினைத்துவிட்டேன். கோடையில் எங்கள் கிணறும் உவர். இருபது வருடம் தொழில் செய்தவன் உப்பை உப்பாலேயே கழுவியிருக்கிறேன்.

சபீனா கோபப்படவில்லை. மட்டையைத் திரும்பச் சட்டி ஓரத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: “நூலுக்குச் சாயம் போட முன்ன நாங்க தண்ணிய நாக்குல வெச்சிப் பாப்பம், உப்பெண்டா சாயம் ஒட்டாது. நீங்க பாக்கிறல்லயா, அண்ணன்?”

கொய்யாவா, மாவா

மட்டை முழுவதையும் எறிந்தோம். வெறும் கரி, தாங்கி அடியிலிருந்து வடித்தெடுத்த மழைத்தண்ணீர், அவ்வளவுதான். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தது, அடுப்பு வாயைத் திறந்துவிட்டது மாதிரி. சாக்கை நனைத்து மறைப்புக் கட்டினோம். ஆவணிக் கடைசியில் பத்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இலையடியில் ஒரு பச்சை முனை. பாக்குத்தூள் அளவுகூட இல்லை. நாலாவது நாள் அது நெல்மணி அளவு. புது வேர் என்று அப்போதுதான் உறுதியாகச் சொன்னோம்.

வேர் ஓடத் தொடங்கும் நேரம்தான் மரத்தில் ஏற்றும் நேரம். புரட்டாசியில் செடியைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று வாசல் படலையடிக் கொய்யாவைக் காட்டினார் றிஸ்வான். கொய்யா பட்டை உரிக்கிற மரம். இன்று பிடித்த வேர் நாளை பட்டையோடு விழும். கிணற்றடி மாமரம்தான் சரி. அதன் கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படும் இடம். குருத்தில் மழை தேங்காதபடி செடி சற்றுத் தலை கவிழ்ந்து இருக்க வேண்டும்.

கட்டுவதற்கு நான் நைலோன் வலைத் துண்டு கொண்டுபோயிருந்தேன். சபீனா அதை வாங்கி மடித்து என் பையிலேயே வைத்தார். தறியில் மிஞ்சிய பருத்தி நூலை நாலாக முறுக்கினார். இலையைத் தொடாமல், வேரை நெரிக்காமல், நெசவுக்காரர் முடிச்சில் நான்கு கட்டு. அப்படி ஒரு கட்டு நான் போட்டதில்லை. ஆனால் பருத்தி ஒரு மாரி மழையில் உக்கி இற்றுவிடுமே என்றேன். வேர் பிடிக்க முன் நூல் போனால் செடி கீழே.

“உக்கத்தானே வேணும் அண்ணன். நைலோனால கட்டி வெச்சா, அது புடிச்சிரிக்கா, நாம புடிச்சிரிக்கமாண்டு எப்பிடித் தெரியிற?”



அடைமழை

கார்த்திகையில் தொடங்கிய மழை மார்கழி முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். றிஸ்வான் அந்த மாதங்களில் பிறிட்ஜ் திருத்தும் வேலை தொடங்கியிருந்தார். கம்பனிக்காரர் மூன்று தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். இரவெல்லாம் காற்றடித்த ஒரு நாள் விடிந்ததும் றிஸ்வான் என்னை அழைத்தார். “யன்னலால பாத்தன் அண்ணன். மரத்துல நூலு அறுந்து தொங்குது. கிட்டப் போய்ப் பாக்க மனம் வருதில்ல. ஒருக்கா வாங்களன்.”

பத்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சபீனா எங்களுக்கு முன்பே குடையோடு கிணற்றடியில் நின்றார். நான்கு கட்டும் உக்கிப்போய்ப் பழைய விளக்குத் திரி மாதிரித் தொங்கின. செடி விழவில்லை. ஐந்து வேர் மாம்பட்டையில் தட்டையாக ஒட்டி, மழையில் பச்சையாகி, பட்டையின் வெடிப்புக்குள்ளே போயிருந்தன. அதைப் பிடித்திருந்தது அந்த ஐந்தும்தான். பூ ஒன்றும் இல்லை, மொட்டும் இல்லை. ஆனாலும் பின்னால் வந்து நின்ற றிஸ்வானோடு நான்கு பேரும் மழையில் நின்று பார்த்தோம்.

றிஸ்வான் வீட்டுக்குள் போய்த் தொலைபேசியில் யாருடனோ சுருக்கமாகப் பேசினார். “இல்ல சேர், வேற ஆளப் போடுங்க” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. வெளியே வந்தவர் நேரே மரத்தடிக்குப் போய், பிடி உறுதிதானா என்று மெல்ல அசைத்துப் பார்க்கக் கையை நீட்டினார். சபீனா குடையால் அந்தக் கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கழட்டிப் பாக்கப் போறாராம் அண்ணன். கழட்டினா செடியும் நீங்களும் ஒண்டாக் கட்டாருக்குப் போங்கண்டு சொல்லுங்க.”

இப்போதெல்லாம் மட்டை வாங்கப் போனால், இருபது வருட அனுபவமுள்ள நான் விலை கேட்கும் முன் நாக்கை நீட்டுகிறேன். மட்டைக்காரர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று இதுவரை விசாரித்ததில்லை.