வேலைக்குப் போகும் சுற்றுலா விசா

இன்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா ஒரு தாளை நீட்டினார்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க. நாளைக்கு துபாய் போறேன், வீட்டு வேலைக்கு."

சுற்றுலா விசா. வேலை செய்யக்கூடாது என்று கீழேயே இருந்தது.

"பிடிபட்டா அடைச்சு வச்சுத் திருப்பி அனுப்பிருவாங்கக்கா."

உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார்.

"அங்க போய் மாத்திக்கலாம். பஸ்ல வர்றவங்க பேச்சையெல்லாம் கேக்காத!" என்று அதட்டிவிட்டு வைத்துவிட்டான்.

"போகாதீங்கக்கா."

"போகாம? வேலை வேணாம்னு தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவுல பேர வெட்டிக்கிட்டேனே. இனி கொழுந்தெடுக்கவும் விடமாட்டாங்க."

தாளை நான்காக மடித்துக்கொண்டு கொட்டகலையில் இறங்கிவிட்டார். அவருடைய நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வெட்டிய பேரைத் திரும்பப் பதிய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கமெண்டில் அழுகிற பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், பிளேன் விடியற்காலை.