கால் ஊன்ற ஒரு வண்டி

எங்கள் தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஒரு பெண். ஆள் குள்ளம் என்பதால் ‘முக்கால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தினமும் புருஷன்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவார். அவருக்குத் தூக்கம் கலைந்தால்தான் அக்காவுக்கு வேலை. அதுவரை வெட்டிய துணி இல்லாமல் நாங்கள் மெஷின் முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். “இன்னொரு தடவ லேட்டானா கட்டிங் மேசைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என் பழைய பைக்கில் ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

வண்டி வாங்க என்னையும் கூட்டிப்போனார். புருஷன் அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து நின்றார். விற்பனையாளர் மைலேஜ், பிக்கப் எல்லாம் அவரிடமே அளந்தார். அக்காவிடம் கேட்டது, “என்ன கலர் மேடம்?”

“வாங்குனா இத வாங்கணும். கெத்தா இருக்கும்” என்று புருஷன் ஒரு பெரிய வண்டியைத் தட்டினார்.

“லேடீஸுக்கு ஸ்கூட்டர்தான் சார் ஈஸி.”

“எங்க ரோட்டுப் பள்ளத்துல சின்னச் சக்கரம் எறங்குனா ஏறாது” என்ற அக்கா, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து ஒவ்வொரு பைக்காக சீட் உயரத்தை அளக்க ஆரம்பித்தார்.

“வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா மேடம்?”

“அளவெடுக்காம நான் எதையும் தொடுறதில்ல தம்பி.”

கடைசியில் மூலையில் நின்ற ஒல்லி வண்டியைத் தேர்ந்தெடுத்தார். இருந்ததிலேயே எடை குறைவானது அதுதான். சாய்த்து, தானே நிமிர்த்திப் பார்த்துக்கொண்டார்.

“இதா? பேப்பர் போடுற வண்டி மாதிரி இருக்கு. என் மானமே போயிடும்” என்றார் புருஷன்.

“இப்பப் போக இருக்கிறது என் வேலைங்க.”

ஓட்டிப் பார்க்கத் தெருவில் இறக்கினார். கிளட்சைச் சட்டென்று விட்டதில் இன்ஜின் நின்று, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. புருஷன் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார். அதற்குள் அக்காவின் இரண்டு காலும் தரையில் அழுந்த ஊன்றியிருந்தன.

“கைய எடுங்க.”

“விழுந்துடுவடி!”

“நான்தான் தாங்கிட்டு நிக்கிறேன். கைய எடுங்க.”

எடுத்தார். அக்கா மறுபடி ஸ்டார்ட் செய்து, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. புருஷனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

“பின்னாடி சீட் இத்துனூண்டு. நான் எங்க உக்கார்றது?”

“உங்கள யாரு உக்காரச் சொன்னா?” என்றார் அக்கா.