ரெக்கோடர் சேர்

பிள்ளைகள் இரண்டாம் மொழியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்தே பூபாலரத்தினம் சேருக்கு இருபத்தெட்டு வருசம் போனது. குறிஞ்சாக்கேணித் தேத்தண்ணிக் கடையிலும் ரெக்கோடரை வைத்து, தமிழும் சிங்களமும் கலந்து ஆர் கதைத்தாலும் பதிந்துகொண்டு போவார். பென்சன் எடுத்த வருசமே அவருடைய மனிசியும் போய்ச் சேர்ந்தா. இப்போது அவருக்குத் தேவை பேச்சுத்துணை மட்டும்தான். ஆனால் அவர் கதிரையை இழுத்தாலே, மீன்விலை கதைத்தவர்கள் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

ஒருநாள் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார்.

“ரெக்கோடர் ஒண்டுமில்லை முனீப். சும்மா கதைப்பம் எண்டு வந்தனான்.”

கடைக்கார முனீப் சிரித்தார். “சேர் லேசுப்பட்ட ஆளில்லை. இப்ப போனிலயும் பதியலாம்தானே? சரி, தேநீர் அருந்துகிறீர்களா?”

சேர் காற்சட்டைப் பையில் கிடந்த போனை எடுத்து, எல்லாரும் பார்க்க ஓஃப் பண்ணி மேசையில் வைத்தார். அதைக் கண்டதும் பக்கத்து மேசைக் கதையும் நின்றுவிட்டது.