ஒரு சர்வரில் இரண்டு குடித்தனம்

பின்னறையிலிருந்து "பீப், பீப், பீப்" என்று சத்தம் வந்தது. கடை வாசலில் அண்ணனை வரவேற்றுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவள் மாற்றிப் பொருத்திய மூளைச் சில்லை, அந்தப் புதுப் பிராசஸரை, கடையின் பழைய சர்வர் ஏற்கவில்லை.

"என்னம்மா, உன் கிழம் அழுவுது?" என்றார் அண்ணன். கம்ப்யூட்டர் வியாபாரி. புது சர்வரைக் காரிலேயே ஏற்றி வந்திருந்தார்.

அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாது. பன்னிரண்டு வருடங்களில் பதினேழாயிரம் பேரின் கண் அளவுகளை அந்தச் சர்வரில் ஏற்றியவள் அவள். அந்த அளவுகளைத் திறக்கும் பழைய மென்பொருள் புது இயந்திரத்தில் ஓடாது. லென்ஸ் கம்பெனியோ இனி புது மென்பொருளில்தான் ஆர்டர் வாங்குமாம். ஒரு சர்வருக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கும் விர்ச்சுவலைசேஷன் என்ற வித்தை உண்டு, மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனி அடுப்பு மாதிரி. பழைய பிராசஸருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்றுதான் மாற்றினாள். மாலைக்குள் ஓடாவிட்டால் புதியதை இறக்கிவிட்டுப் பழைய சர்வரை அண்ணன் எடுத்துப் போய்விடுவார் என்று பேச்சு.

அப்போதுதான் உறைத்தது. சர்வரை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸை முதலில் புதுப்பித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் புதுப் பிராசஸரை அது அடையாளம் காணாது. புதுப்பிக்க, சர்வர் ஒருமுறை பழைய பிராசஸரோடு ஓட வேண்டும்.

"ஏங்க, மேஜை மேல வச்ச பழைய பிராசஸர் எங்க?"

"பசை அப்பிக் கெடந்துச்சு. கழுவப் போட்டிருக்கேன்" என்றார் கணவர்.

அழுக்காக எதைக் கண்டாலும் லென்ஸ் கழுவும் தொட்டியில் போட்டுவிடும் மனிதர். யாருடைய கண்ணாடிக்கோ பக்கத்தில், குமிழிகளுக்கு நடுவே, அவளுடைய ஒரே நம்பிக்கை குளித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு என் மோதிரம். இன்னைக்கு இதுவா?"

"மோதிரம் பளபளன்னு வந்துச்சே" என்றார் அவர் பாவமாக.

"நல்லவேளை மாப்ள, சர்வரையே முக்கல" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. இடுக்கியால் எடுத்து, ஸ்பிரிட்டில் அலசி, கண்ணாடி பிரேமை வளைக்கிற சூட்டுக் காற்றில் எட்டத்தில் பிடித்துக் காயவைத்தாள். சர்வரில் பொருத்தி ஸ்விட்சைப் போட்டபோது மூவருமே மூச்சைப் பிடித்திருந்தார்கள். திரை விழித்தது. பயாஸை ஏற்றினாள். மின்சாரத்தைத் துண்டித்து, புதுப் பிராசஸரை வைத்து, சூட்டைக் கடத்தும் பசையைப் பட்டாணி அளவு இட்டு மூடினாள். விர்ச்சுவலைசேஷனை இயக்கி, இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாக எழுப்பினாள்.

இடப்பக்கம் பழைய மென்பொருள், வலப்பக்கம் புதியது. பழையதில் அண்ணனின் போன் நம்பரைத் தட்டினாள். அவர் கண்ணின் அளவு வந்து நின்றது.

"ஒம்போது வருஷமாச்சுண்ணா. இதே கண்ணாடியோடதான் காரோட்டுறியா?"

கணவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். நான்காவது வரியிலேயே அண்ணன் தடுமாறினார்.

போகும்போது வாசலில் தயங்கினார். "என் கடைலயும் ஒரு பழசு கெடக்கு. தூக்கிப் போடலாம்னு இருந்தேன். ஒரு நாள் வந்து பாக்குறியா?"

"வரேன். உன் மாப்பிள்ளைய மட்டும் கூட்டிட்டு வரமாட்டேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.